சின்ன மென்பொருள், பெரிய அனுமதி

கணினிக்கான சின்னச் சின்னப் பயன்பாட்டு மென்பொருள்களை ஒப்பிடும் கட்டுரைகளை நிறையப் படித்திருக்கிறேன். இடதுபக்கம் வசதிகளின் பட்டியல், வலதுபக்கம் டிக் குறிகள். அதிக டிக் வாங்கியது முதலிடம். இந்த முறையில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஃபைல் தேடும் மென்பொருள் உங்கள் வட்டில் இருக்கும் எல்லாப் பெயர்களையும் படிக்கிறது. கிளிப்போர்டு மென்பொருள் நீங்கள் நகலெடுக்கும் ஒவ்வொன்றையும் பார்க்கிறது. திரைப்பிடிப்பு மென்பொருள் கேட்கவே வேண்டாம். சில எம்பி அளவே உள்ள இந்த மென்பொருள்கள் உட்கார்ந்திருக்கும் இடம் அவ்வளவு ஆழமானது. அதனால் நான் முதலில் பார்ப்பது இரண்டை: தகவலை எங்கிருந்து எடுக்கிறது, எடுத்ததை எங்கே வைக்கிறது. இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால் வேகம், ஆபத்து, யாருக்குப் பொருந்தும் என்பதெல்லாம் தானாகவே தெளிவாகிவிடும்.

நான் நிரல் எழுதிப் பிழைப்பவன். தங்கை தென்காசியில் டிடிபி கடை வைத்திருக்கிறாள்: திருமணப் பத்திரிகை, ஃபிளெக்ஸ், பில் புக். எங்கள் இருவர் கணினியிலும் இருக்கும் சின்ன மென்பொருள்கள் கிட்டத்தட்ட ஒன்றேதான். நிரலாளர்களுக்கு ஒரு பட்டியல், மற்றவர்களுக்கு ஒரு பட்டியல் என்று பிரித்து எழுதுவது எனக்கு ஒத்துவராததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஃபைல் தேடலிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் வித்தியாசம் அங்கேதான் பளிச்சென்று தெரியும். விண்டோஸில் எவ்ரிதிங் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. இரண்டு எழுத்து அடிப்பதற்குள் வட்டு முழுவதிலும் பொருந்தும் பெயர்கள் வரிசையாக வந்து நிற்கும். இந்த வேகத்தின் காரணம் எளிமையானது. விண்டோஸ் வட்டுகளில் ஃபைல்களை ஒழுங்குபடுத்தி வைக்கும் என்டிஎஃப்எஸ் அமைப்பு, ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு பதிவு என்று தலைமை அட்டவணை ஒன்றை ஏற்கெனவே வைத்திருக்கிறது. எவ்ரிதிங் ஃபோல்டர் ஃபோல்டராக ஏறி இறங்குவதில்லை, அந்த அட்டவணையை நேராகப் படித்துவிடுகிறது. அதற்கப்புறம் எது புதிதாக வந்தது, எது அழிந்தது என்பதை என்டிஎஃப்எஸ் எழுதிவைக்கும் மாற்றக் குறிப்பேட்டிலிருந்து தெரிந்துகொள்கிறது. பத்து லட்சம் ஃபைல்களுக்குச் சுமார் 75 எம்பி நினைவகம் போதும் என்று அதைச் செய்தவர்களே கணக்குச் சொல்கிறார்கள்.

எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் எங்கே வேலை செய்யாது என்பதும் தெரியும். பென் டிரைவ்கள் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் அல்லது ஃபேட்32 அமைப்பில் இருப்பவை, அவற்றில் இந்த அட்டவணை கிடையாது. நெட்வொர்க் டிரைவிலும் அதை எட்ட முடியாது. அங்கெல்லாம் எவ்ரிதிங்கும் மற்றவற்றைப் போல ஃபோல்டர்களில் நடந்துதான் பார்க்க வேண்டும். இன்னொன்றும் இருக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. அட்டவணையை நேராகப் படிக்க நிர்வாகி அனுமதி தேவை. தினமும் அனுமதி கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காக, பின்னணியில் ஓடும் ஒரு சேவையாக அதை நிறுவும் வழி உண்டு. அப்படி நிறுவினால் அந்தக் கணினியில் சாதாரணக் கணக்கில் நுழைகிறவரும் எல்லார் ஃபோல்டர்களிலும் உள்ள ஃபைல்களின் பெயர்களைப் பார்க்க முடியும். திறக்க முடியாது, பெயர் மட்டும்தான். ஆனால் பெயரே விஷயத்தைச் சொல்லிவிடும் ஃபைல்கள் எல்லார் வீட்டிலும் இருக்கின்றன. ஒருவரே பயன்படுத்தும் கணினிக்குச் சேவையாக நிறுவுங்கள். நாலு பேர் மாறி மாறி உட்காரும் அலுவலகக் கணினியில் வேண்டாம்.

விண்டோஸின் சொந்தத் தேடலைத் திட்டுவது வழக்கமாகிவிட்டது. அதன் வேலையே வேறு என்பதை மறந்துவிடுகிறோம். அது ஃபைலுக்கு உள்ளே இருக்கும் எழுத்தையும் படித்து அட்டவணை போடுகிறது: வேர்டு ஆவணம், மின்னஞ்சல், பிடிஎஃப். போன வருஷம் யாருக்கோ எழுதிய கடிதத்தில் இருந்த ஒரு சொல் மட்டும் நினைவில் இருந்தால் அதைத் தேட விண்டோஸ் தேடல்தான் சரி. ஆனால் சாதாரண அமைப்பில் அது டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ் போன்ற சில இடங்களை மட்டுமே அட்டவணைப்படுத்தும். டி டிரைவில் வேலை பார்ப்பவர்கள் அமைப்புகளுக்குள் போய் ‘மேம்பட்ட’ தேடலுக்கு மாற்றினால்தான் மற்ற டிரைவுகளும் சேரும்.

மூன்றாவது வகை நிரலாளர்களுக்கு அன்றாடச் சோறு: ரிப்கிரெப். அது அட்டவணையே போடாது. கேட்ட மாத்திரத்தில் ஃபைல்களைத் திறந்து வரி வரியாகப் படித்துவிடும். கிட்டில் (நிரலின் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் மென்பொருள்) சேர்க்க வேண்டாம் என்று நாம் ஒதுக்கிய ஃபோல்டர்களைத் தானே தவிர்த்துவிடுவதும், கணினிச் சிப்பின் பல கருக்களுக்கு (கோர்) வேலையைப் பங்கிட்டுக் கொடுப்பதும் அதன் வேகத்துக்குக் காரணம். நிரல் எழுதப் பயன்படும் விஎஸ் கோடு எடிட்டரில் தேடும்போது உள்ளே ஓடுவதும் இதுதான். வெறும் எழுத்து ஃபைல்களில் இதற்கு நிகர் இல்லை. ஆனால் வேர்டு ஆவணம் உண்மையில் சுருக்கப்பட்ட ஜிப் பொட்டலம் என்பதால் அதன் உள்ளே இருப்பது இதன் கண்ணுக்குத் தெரியாது. ஆக, பெயர் தெரிந்தால் எவ்ரிதிங், ஆவணத்தின் உள்ளடக்கம் என்றால் விண்டோஸ் தேடல், நிரல் என்றால் ரிப்கிரெப். மூன்றில் எது சிறந்தது என்ற கேள்விக்கு அர்த்தமில்லை.

தமிழில் வேலை செய்பவர்களுக்கு இங்கே தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. தங்கை கடையில் பழைய ஆவணங்கள் எல்லாம் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. பாமினியில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். ‘தமிழ்’ என்று திரையில் தெரிவது வட்டில் ஆங்கில ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி என்றுதான் இருக்கும். எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் பொதுக் குறியீடான யூனிகோடில் ‘தமிழ்’ என்று அடித்து உலகத்தின் எந்த மென்பொருளில் தேடினாலும் அது கிடைக்காது. பாமினியில் பழகிய கைக்கு ஒரு வழி இருக்கிறது: விசைப்பலகையை ஆங்கிலத்தில் வைத்து, பாமினியில் அடிப்பதுபோலவே அந்தச் சொல்லை அடித்துத் தேடலாம். வெறும் எழுத்து ஃபைல்களில் நோட்பேட் பிளஸ் பிளஸ் என்ற இலவச எடிட்டரின் ‘ஃபைல்களில் தேடு’ வசதி இதை ஒழுங்காகச் செய்யும். விண்டோஸ் தேடல் சொல்லின் நடுவே அரைப்புள்ளியைப் பார்த்தால் அங்கேயே வெட்டிவிடக்கூடும், அதனால் அதை இதற்கு நம்ப வேண்டாம். நிரந்தரத் தீர்வு என்றால் என்ஹெச்எம் கன்வர்ட்டர் போன்ற ஒன்றால் யூனிகோடுக்கு மாற்றி வைப்பதுதான்.

அடுத்தது வட்டு நிறைந்துபோகும் பிரச்சினை. “அண்ணா, சி டிரைவ் சிவப்பா காட்டுது, ஏதாவது கிளீனர் போடட்டுமா?” என்று தங்கை கேட்பாள். “கிளீனர் வேண்டாம்மா, முதல்ல என்ன அடைச்சிருக்குன்னு பாரு” என்பதுதான் என் பதில். பார்ப்பதற்கு இரண்டு நல்ல மென்பொருள்கள் இருக்கின்றன: வின்டிர்ஸ்டாட், விஸ்ட்ரீ. இரண்டுமே வட்டை வண்ணக் கட்டங்களாக வரைந்து காட்டும். ஃபைல் எவ்வளவு பெரிதோ கட்டமும் அவ்வளவு பெரிது. இந்த வரைபடமே நிறைந்த வட்டுக்காகப் பிறந்ததுதான். 1990இல் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் 14 பேர் பகிர்ந்துகொண்ட 80 எம்பி வட்டு நிறைந்துகொண்டே இருந்தது. யாருடைய எந்த ஃபைல் இடத்தைப் பிடித்திருக்கிறது என்று ஒரே பார்வையில் காட்ட அங்கிருந்த பேராசிரியர் பென் ஷ்னைடர்மேன் கண்டுபிடித்த வடிவம் இது.

விஸ்ட்ரீயும் எவ்ரிதிங் போலவே தலைமை அட்டவணையைப் படிக்கிறது, அதனால் சில நொடிகளில் முடித்துவிடும். வின்டிர்ஸ்டாட் 2003இலிருந்து இருக்கிறது. ஃபோல்டர் ஃபோல்டராக நடக்கும் அதன் பழைய பதிப்பைப் பெரிய வட்டில் ஓடவிட்டுக் காபி குடித்துவிட்டு வரலாம். புதிய இரண்டாம் பதிப்பு ஒரே நேரத்தில் பல இழைகளாகப் பிரிந்து வேலை பார்ப்பதால் எவ்வளவோ பரவாயில்லை. வேகத்தை மட்டும் பார்த்தால் விஸ்ட்ரீதான். ஆனால் அது தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டுமே இலவசம், கடைக்கும் அலுவலகத்துக்கும் உரிமம் வாங்க வேண்டும். வின்டிர்ஸ்டாட் திறமூலம் (நிரலையே எல்லாருக்கும் திறந்து தருவது), எங்கே வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். தங்கையின் கடை ஒரு தொழில். அதனால் அங்கே வின்டிர்ஸ்டாட் இருக்கிறது, என் வீட்டுக் கணினியில் விஸ்ட்ரீ. ஒப்பீட்டுக் கட்டுரைகள் இந்த உரிம விஷயத்தை ஒரு வரியில் தாண்டிப் போவது எனக்கு வருத்தம்தான். நம் ஊரில் சின்னக் கடைக்காரர்கள் எத்தனை பேர் தெரியாமலேயே உரிமத்தை மீறிக்கொண்டிருக்கிறார்கள்!

வரைபடம் வந்தபிறகு அதைப் படிக்கத் தெரிய வேண்டும். கடைக் கணினியில் முதலில் கண்ணில் பட்டது வேலை ஃபைல்கள் இல்லை, ஒற்றைப் பெரிய கட்டம்: ஹைபர்நேட் செய்யும்போது, அதாவது திறந்திருக்கும் வேலையை அப்படியே காத்து கணினியை அணைக்கும்போது, நினைவகத்தை எழுதிவைப்பதற்காக விண்டோஸ் ஒதுக்கும் ஃபைல். வழக்கமாக அது நினைவகத்தில் 40 சதவீத அளவு இருக்கும். 16 ஜிபி நினைவகம் என்றால் 6 ஜிபிக்கும் மேல். யூபிஎஸ்ஸில் ஓடும் டெஸ்க்டாப்புக்கு ஹைபர்நேட் தேவையே இல்லை, அதை அணைத்தால் அந்த இடம் உடனே திரும்பிவிடும். கூடவே விரைவுத் தொடக்கமும் போய்விடும் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் அணைத்தேன். இரண்டாவது, வின்எஸ்எக்ஸ்எஸ் என்ற ஃபோல்டர். பார்க்க மலைபோல் இருக்கும், அழிக்கக் கை துறுதுறுக்கும். அதிலுள்ள பல ஃபைல்கள் விண்டோஸின் மற்ற ஃபோல்டர்களில் தெரியும் அதே ஃபைல்கள்தான், ஒரே பொருளுக்கு இரண்டு பெயர்ப் பலகை. அதனால் கணக்கில் வருவதைவிட உண்மை அளவு குறைவு. கைவைத்தால் விண்டோஸ் படுத்துவிடும்.

என் கணினியில் கதை வேறு. சின்னச் சின்னக் கட்டங்கள் ஆயிரக்கணக்கில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தால் அது கைவிட்ட புராஜெக்ட்களுக்காக இறக்கிய துணை நிரல்கள் கிடக்கும் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டர்கள். வாட்டசாட்டமாக ஒரே கட்டம் என்றால், மென்பொருள்களைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கருடைய மெய்நிகர் வட்டு, அதாவது வட்டுபோல் நடந்துகொள்ளும் ஒரே ஃபைல். அது வளரும், தானாகச் சுருங்காது. உள்ளே தேவையற்ற படிமங்களை (அந்தப் பெட்டிகளுக்கான மூலப் பொட்டலங்கள்) நீக்கினாலும் வெளியே அந்த ஃபைலின் அளவு அப்படியே இருக்கும். அதைத் தனியாக இறுக்க வேண்டும். இந்த இடத்தில் எந்த வரைபட மென்பொருளும் கட்டத்தின் வெளிச்சுவர் வரைதான் காட்டும்.

‘ஒரே கிளிக்கில் சுத்தம்’ என்று வரும் கிளீனர்களை நான் யாருக்கும் சொல்வதில்லை. விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதிவைக்கும் ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்யும் கிளீனர்களைத் தான் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்டே எழுதிவைத்திருக்கிறது. 2017இல் சிகிளீனர் என்ற பிரபலமான கிளீனரின் ஒரு பதிப்பில் தீநிரல் புகுத்தப்பட்டு, நிறுவனத்தின் சரியான டிஜிட்டல் கையொப்பத்துடனேயே அதிகாரபூர்வத் தளத்திலிருந்து போனது. சுமார் 22.7 லட்சம் பேர் கணினிகளில் அந்தப் பதிப்பு இருந்தது. எதையும் அழிக்கும் அதிகாரத்தை ஒரு மென்பொருளுக்குத் தரும்போது, அதை விநியோகிக்கும் வழி முழுவதையும் நம்புகிறோம் என்று அர்த்தம். எனக்கு அந்த நம்பிக்கைக்கு ஈடான பலன் கிளீனர்களில் தெரியவில்லை. தற்காலிக ஃபைல்களை நீக்க விண்டோஸின் சேமிப்பக அமைப்பே போதும்.

சுருக்கும் மென்பொருளுக்கு வருகிறேன். செவன் ஜிப்பா, வின்ரேரா என்பது பழைய விவாதம். செவன் ஜிப் 1999இல் இகோர் பாவ்லோவ் தொடங்கியது, திறமூலம், கடையிலும் இலவசம். வின்ரேர் 40 நாள் சோதனைக்குப் பிறகு காசு கொடுக்க வேண்டியது. ரேர் வடிவத்தில் புதிதாகப் பொட்டலம் கட்ட வேண்டும் என்றால்தான் வின்ரேர் தேவை, பிரிக்க மட்டும் என்றால் செவன் ஜிப் போதும். புதிய விண்டோஸ் 11 தானே ரேரையும் பிரித்துவிடுகிறது. பாதுகாப்பு விஷயத்தில் இரண்டுக்கும் ஒரே குறை: தாமாகப் புதுப்பித்துக்கொள்ளாது. வின்ரேரில் 2019இல் வெளிவந்த பாதுகாப்பு ஓட்டை, ஏஸ் என்ற பழைய வடிவத்தைப் பிரிப்பதற்காக வைத்திருந்த ஒரு நிரல் நூலகத்தில் ஏறத்தாழ 19 ஆண்டுகளாக இருந்திருக்கிறது. 2023இல் இன்னொன்று. செவன் ஜிப்பிலும் ஓட்டைகள் வந்து திருத்தியிருக்கிறார்கள். திருத்தினாலும் பழைய பதிப்பு வைத்திருப்பவருக்கு அது போய்ச் சேருவதில்லை.

எனக்கு இதைவிட முக்கியமானது, தமிழ்ப் பெயருள்ள ஃபைலை அது எப்படிக் கையாள்கிறது என்பது. விண்டோஸில் ரஷ்ய மொழிக்கு 1251, ஜப்பானியத்துக்கு 932 என்று பழைய குறியீட்டுப் பக்கங்கள் (எந்த எழுத்துக்கு எந்த எண் என்று சொல்லும் அட்டவணைகள்) உண்டு. கணினியின் அடிப்படைக் குறியீட்டுப் பக்கமாக வைக்கத் தமிழுக்கு அப்படி ஒன்று இருந்ததில்லை. தமிழ் அங்கே யூனிகோடாக மட்டுமே வாழ்கிறது. அதனால் யூனிகோடு அறியாத ஒரு பழைய மென்பொருள் தமிழ்ப் பெயரைத் தப்பாகக் காட்டுவதோடு நிற்காது, ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஒரு கேள்விக்குறி போட்டு மூலத்தையே தொலைத்துவிடும். விண்டோஸ் ஃபைல் பெயரில் கேள்விக்குறி வர முடியாது என்பதால், பிரிக்கும்போது அது அடிக்கோடாக மாறும். ‘வரவு’ நான்கு குறியீடு: வ, ர, வ, உகரக் குறி. ‘கடன்’ என்பதும் நான்கு: க, ட, ன, புள்ளி. இரண்டும் நான்கு அடிக்கோடுகளாகிவிட்டால் ஒரே பெயர். “ஏற்கெனவே இருக்கிறது, மாற்றி எழுதவா?” என்று கேட்கும்போது ‘ஆம்’ என்றால் ஒன்று காலி. விண்டோஸ் 7 காலத்தில் அதன் சொந்த ஜிப் வசதி தமிழ்ப் பெயரைக் கண்டால் சுருக்கவே மாட்டேன் என்று மறுத்தது. இழப்பதைவிட மறுப்பது மேல் என்பேன். செவன் ஜிப் இப்படிப்பட்ட பெயர்களை ஜிப்பில் யூடிஎஃப்-8ஆக (யூனிகோடைச் சேமிக்கும் ஒரு முறை) எழுதி, அதற்கான அடையாளத்தையும் போட்டுவிடுகிறது.

கிளிப்போர்டு பற்றிக் கொஞ்சம். விண்டோஸ் விசையோடு வி அழுத்தினால் வரும் வரலாறு 2018இல் விண்டோஸ் 10இல் சேர்ந்தது. கடைசி 25 துண்டுகள், கணினியை மறுதொடக்கம் செய்தால் பின் குத்தியவை தவிர எல்லாம் போய்விடும். டிட்டோ என்ற திறமூல மென்பொருள் அப்படி இல்லை. வட்டில் ஒரு தரவுத்தளத்தில் சேர்த்துவைக்கும், தேடலாம், போன மாதம் நகலெடுத்ததையும் எடுக்கலாம். முகவரி, ஜிஎஸ்டி எண், வாசகம் என்று நாள்முழுக்க ஒட்டிக்கொண்டிருக்கும் தங்கைக்கு டிட்டோ கை ஒடியாமல் காப்பாற்றும் பொருள். ஆனால் வாடிக்கையாளர் அனுப்பிய வங்கிக் கணக்கு எண்ணும் அதில்தான் தங்கும். நல்ல கடவுச்சொல் மேலாளர்கள் தாங்கள் நகலெடுப்பதை வரலாற்றில் சேர்க்காதே என்று ஓர் அடையாளம் இட்டு அனுப்புகின்றன. நோட்பேடில் எழுதிவைத்த கடவுச்சொல்லை நகலெடுத்தால் அந்த அடையாளம் இருக்காது. டிட்டோவில் துண்டுகள் சில நாட்களில் காலாவதியாகும்படி வைக்க வழி உண்டு, நிறுவிய உடனே அதைச் செய்யுங்கள். இந்த ஒப்பீட்டில் வசதி குறைந்த விண்டோஸ் வரலாறே பெரும்பாலான வீடுகளுக்குப் பொருத்தம் என்று நினைக்கிறேன்.

திரைப்பிடிப்பில் ஷேர்எக்ஸ் என்ற மென்பொருள் எல்லாம் செய்யும்: உருட்டிப் பிடிக்கும், அம்புக்குறி போடும், இணையத்தில் ஏற்றும். அந்த ஏற்றும் வசதியை அலுவலகக் கணினியில் அணைத்துவிடுங்கள். விண்டோஸோடு வரும் சாதாரண ஸ்னிப்பிங் டூலும் ஆபத்தே இல்லாதது என்று நினைக்க வேண்டாம். 2023 மார்ச்சில் தெரியவந்தது இது: ஒரு படத்தை வெட்டி அதே ஃபைலின் மேல் சேமித்தால், பழைய ஃபைலின் மிச்சம் பின்னால் அழியாமல் தொங்கிக்கொண்டிருந்தது. வெட்டி நீக்கியதாக நினைத்த பகுதியில் ஒரு பாகத்தை மீட்க முடிந்தது. ஆதார் அட்டையில் எண்ணை வெட்டிவிட்டு அனுப்பியவர்களை நினைத்துப் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் உடனே திருத்தியது. அதற்கு முன் அப்படிச் சேமித்து அனுப்பிய படங்கள் எங்கெங்கோ இருக்கின்றன.

புதுப்பித்தலுக்கு நான் பயன்படுத்துவது விண்டோஸோடு வரும் விங்கெட், கட்டளை அடித்து மென்பொருள்களை நிறுவவும் புதுப்பிக்கவும் உதவும் கருவி. ஒரே கட்டளையில் செவன் ஜிப், எவ்ரிதிங், நோட்பேட் பிளஸ் பிளஸ் எல்லாம் புதிய பதிப்புக்குப் போய்விடும். தேடுபொறி விளம்பரத்தைச் சொடுக்கிப் போலித் தளத்தில் போய் விழும் வாய்ப்பும் இல்லை. கறுப்புத் திரையில் கட்டளை அடிப்பது நிரலாளர் வேலை என்று ஒதுக்க வேண்டியதில்லை. தங்கை ஒரு தாளில் எழுதி மானிட்டர் பக்கத்தில் ஒட்டியிருக்கிறாள், கடை திறந்ததும் திங்கட்கிழமைகளில் அடிக்கிறாள்.

புதிதாக எந்த மென்பொருள் வந்தாலும் நான் முதலில் ஓட்டிப் பார்ப்பது ஒரு சோதனை ஃபோல்டரில். அதில் ‘வரவு’, ‘கடன்’ என்று இரண்டு ஃபைல், அப்புறம் ‘கொள்முதல்’ என்ற பெயரில் இரண்டு. ஒரே பெயரில் எப்படி இரண்டு என்றால், ‘கொ’வை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: க-வுக்குப் பின் ஒகரக் குறி ஒன்றே ஒன்று, அல்லது எகரக் கொம்பும் காலும் தனித்தனியாக. யூனிகோடு விதிப்படி இரண்டும் சமம், கண்ணுக்கும் ஒன்றே. என்டிஎஃப்எஸ்ஸுக்கு அவை வேறு வேறு பெயர். ஆப்பிளின் பழைய ஹெச்எஃப்எஸ் பிளஸ் வட்டுகள் பெயர்களைப் பிரித்தே சேமித்ததால், மேக்கிலிருந்து வந்த பழைய ஜிப்களில் இரண்டாம் வகை இன்றும் வரும். ரிப்கிரெப் இரண்டையும் ஒன்றாக்கிப் பார்க்காது, ஒன்றைத் தேடினால் மற்றது கிடைக்காது. இந்த நாலு ஃபைலையும் நீங்களும் செய்துகொள்ளுங்கள். உங்களுக்குப் பிடித்த மென்பொருளில் தேடுங்கள், சுருக்குங்கள், பிரியுங்கள், பெயர் மாற்றுங்கள். திறமூலமாக இருந்து ஏதாவது உடைந்தால் அதன் நிரலும் புகார்களும் இருக்கும் கிட்ஹப் தளப் பக்கத்தில் அந்த ஃபோல்டரையே இணைத்துப் புகார் எழுதுங்கள். தமிழ் தெரியாத நிரலாளருக்கு விளக்கம் எவ்வளவு எழுதினாலும் புரியாமல் போகலாம், ஆனால் இந்த நாலு ஃபைலைத் தன் கணினியில் திறந்தால் பிழை அவர் கண்ணெதிரேயே நிற்கும்.